ஆளுநர் விலகும்போது: மினசோட்டாவின் திறந்த போட்டிகளும் ஊகங்களின் கதியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஐம்பது மாநிலங்களிலும் ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் நிர்வாகத் தலைவர் ஆவார்; குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படும் இந்திய ஆளுநரோடு ஒப்பிட முடியாத அவர், அதிகாரத்திலும் அரசியல் எடையிலும் இந்திய முதலமைச்சருக்கே நெருக்கமானவர். நியூ ஹாம்ப்ஷயரும் வெர்மான்ட்டும் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆளுநரைத் தேர்ந்தெடுக்க, ஏனைய மாநிலங்களில் பதவிக்காலம் நான்காண்டுகள். பதவியிலிருக்கும் ஆளுநர் மீண்டும் போட்டியிடாத தேர்தலைத் ‘திறந்த போட்டி’ என்று அந்நாட்டு அரசியல் நோக்கர்கள் குறிப்பிடுவது வழக்கம். இத்தகைய தேர்தல் இரண்டு வழிகளில் வருகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஒருவர் எத்தனை முறை ஆளுநராக இருக்கலாம் என்பதற்குச் சட்டமே வரம்பு விதித்திருப்பதால், பதவி காலியாகும் ஆண்டு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. வர்ஜீனியாவில் ஆளுநர் அடுத்தடுத்து இருமுறை பதவி வகிக்கவே முடியாது. வரம்பு இல்லாத மாநிலங்களிலோ, ஆளுநர் தாமாக முன்வந்து விலகினாலன்றிக் களம் திறப்பதில்லை. அந்த அறிவிப்பு எப்போது வரும், வருமா வராதா என்பதே ஊகத்துக்குரிய முதற்பொருளாகிவிடுகிறது.

இவ்விரண்டாம் வகையை ஆராய மினசோட்டாவைப்போல் பொருத்தமான மாநிலம் வேறில்லை. அங்கே பதவிக்கால வரம்பு கிடையாது; இருந்தும் 1982, 1998, 2002, 2010, 2018 ஆகிய ஐந்து தேர்தல்களில் பதவியிலிருந்த ஆளுநர் தாமாகவே ஒதுங்கிக்கொண்டார். அல் குவி, ஆர்னி கார்ல்சன், ஜெஸ்ஸி வென்ச்சுரா, டிம் பாலென்டி, மார்க் டேட்டன் என்று அவர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு முறையும் அடுத்தவர் யார் என்ற பட்டியல்கள் செய்தித்தாள்களிலும் கட்சி வட்டாரங்களிலும் உலவின. அப்பட்டியல்களைத் தேர்தல் முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஊகிப்பவர்கள் ஆட்களைப் பற்றித் தெரியாமல் தவறியதாகத் தோன்றவில்லை. வெற்றியாளர் தீர்மானிக்கப்படும் இடத்தை விட்டுவிட்டு வேறோர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததே அவர்களின் தவறுக்குப் பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கிறது.

ஊகங்களுக்கு அடியில் பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்லப்படாத ஒரு கோட்பாடு கிடக்கிறது. ஜோசப் ஷ்லெசிங்கர் 1966-இல் வெளியிட்ட நூலில், அரசியல்வாதிகளின் ஆசையைப் பதவிகளின் படிவரிசையோடு இணைத்து விளக்கினார். ஒரு பதவியில் இருப்பவர் அதற்கு மேற்பட்ட எந்தப் பதவிக்குப் பெரும்பாலும் தாவுகிறார் என்பதைக் கவனித்தால், அரசியலில் முன்னேறும் பாதைகள் புலப்படும் என்பது அவர் கருத்து. இதன் எளிய வடிவமே பத்திரிகைகளின் பட்டியல்: துணை ஆளுநர், அரசு வழக்குகளுக்குப் பொறுப்பான தலைமை வழக்கறிஞர், மாநிலத் தணிக்கையாளர், பேரவைத் தலைவர், பெருநகர மேயர்கள், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள். பட்டியலின் உச்சியில் துணை ஆளுநரின் பெயர் இருப்பது இயல்பு; ஆளுநர் இடையில் விலகினால் அவரே பொறுப்பேற்பவர் அல்லவா? ஆனால் மேற்சொன்ன ஐந்து போட்டிகளிலும் துணை ஆளுநர் ஒருவர்கூடப் பொதுத் தேர்தலின் வாக்குச்சீட்டில் ஆளுநர் வேட்பாளராக இடம்பெறவில்லை. 1982-இல் குவியின் துணை ஆளுநரான லூ வாங்பெர்க் தம் கட்சி மாநாட்டின் அங்கீகாரத்தைப் பெற்றும் முதனிலைத் தேர்தலில் தொழிலதிபர் வீலக் விட்னியிடம் தோற்றார். 1998-இல் ஜோன் பென்சன் அங்கீகாரத்தையே பெற முடியவில்லை. 2002-இல் மே ஷங்கும், 2010-இல் கேரல் மோல்னாவும் களத்தில் இறங்கவில்லை. 2018-இன் டினா ஸ்மித்தோ, அல் ஃபிராங்கன் விலகியதால் காலியான செனட் இடத்துக்கு டேட்டனால் நியமிக்கப்பட்டு வாஷிங்டன் சென்றுவிட்டார். மினசோட்டாவில் ஆளுநரும் துணை ஆளுநரும் ஒரே இணையாகப் போட்டியிடுவதால், துணை ஆளுநருக்கென்று தனி வாக்குவங்கியோ தனி நிதித்திரட்டோ உருவாவதில்லை. ஆளுநரின் நிழலில் வளர்ந்தவர் ஆளுநர் விலகும்போது அந்த நிழலையும் இழந்துவிடுகிறார்.

படிவரிசைக் கோட்பாட்டைவிட முக்கியமானது விதிகளின் அமைப்பு. மினசோட்டாவில் ஒரு கட்சியின் வேட்பாளர் ஆக விரும்புபவருக்கு முன்னால் இரண்டு வாயில்கள் இருக்கின்றன. முதலாவது, காக்கஸ் எனப்படும் உள்ளூர்க் கட்சிக் கூட்டங்களில் தொடங்கி மாநில மாநாட்டில் முடியும் அங்கீகாரப் பாதை. உள்ளூர்க் கூட்டங்களிலிருந்து படிப்படியாகத் தேர்வாகி வரும் பிரதிநிதிகள், மாநாட்டு அரங்கில் சுற்றுச் சுற்றாக வாக்களித்து, வேண்டிய பெரும்பான்மை கிடைக்கும்வரை காத்திருக்கிறார்கள். டி.எஃப்.எல். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் டெமாக்ரடிக்-ஃபார்மர்-லேபர் கட்சியில் அந்த வரம்பு அறுபது விழுக்காடு. 1944-இல் டெமாக்ரடிக் கட்சியும் விவசாயி-தொழிலாளர் கட்சியும் இணைந்து உருவான இக்கட்சியே அந்த மாநிலத்தில் டெமாக்ரடிக் கட்சியின் வடிவம். இரண்டாவது வாயில் பிரைமரி எனப்படும் முதனிலைத் தேர்தல். கட்சி வேட்பாளரைச் சட்டப்படி தீர்மானிப்பது இதுவே. மினசோட்டாவில் வாக்காளர்கள் கட்சிவாரியாகப் பதிவு செய்துகொள்வதில்லை என்பதால், ஏதேனும் ஒரு கட்சியின் பட்டியலுக்குள் மட்டும் வாக்களிப்பதானால் எவரும் இதில் பங்கேற்கலாம். மாநாட்டு அங்கீகாரம் முதனிலைத் தேர்தலைக் கட்டுப்படுத்தாது. அங்கீகாரம் பெறாதவரும், அதைக் கேட்கவே கேட்காதவரும் மனுத் தாக்கல் செய்யலாம்.

இவ்விரு வாயில்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் ஊகங்கள் தடுக்கி விழுந்திருக்கின்றன. மாநாட்டில் வாக்களிப்போர் ஆயிரத்துச் சொச்சம் பேர், பெரும்பாலும் கட்சிப்பணியில் ஆண்டுக்கணக்காக ஊறியவர்கள். முதனிலைத் தேர்தலிலோ லட்சக்கணக்கானோர் வாக்களிக்கிறார்கள். செய்தியாளர்களுக்கு மாநாட்டுப் பிரதிநிதிகள் அறிமுகமானவர்கள், தொலைபேசியில் கிடைப்பவர்கள், கருத்துச் சொல்லத் தயங்காதவர்கள் என்பதால், ஊகம் இயல்பாகவே அந்த அரங்கின் மனநிலையைப் பிரதிபலிக்கிறது. விளைவு வியப்பளிப்பது. 1982-இல் டி.எஃப்.எல். மாநாடு தலைமை வழக்கறிஞர் வாரன் ஸ்பான்னஸை அங்கீகரித்தது. முதனிலைத் தேர்தலில் வென்றவரோ ரூடி பெர்பிச். 1998-இல் அங்கீகாரம் பெற்ற மைக் ஃப்ரீமன், முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் ஹ்யூபர்ட் ஹம்ப்ரேயின் மகனும் தலைமை வழக்கறிஞருமான ‘ஸ்கிப்’ ஹம்ப்ரேயிடம் தோற்றார். 2010-இல் பேரவைத் தலைவர் மார்கரெட் ஆண்டர்சன் கெல்லிஹர் டேட்டனிடமும், 2018-இல் எரின் மர்ஃபி டிம் வால்ஸிடமும் தோற்றார்கள். ஐந்தில் நான்கு முறை மாநாட்டின் தேர்வு முதனிலைத் தேர்தலைத் தாண்டவில்லை. தாண்டிய ஒரே ஒருவரான ரோஜர் மோ, 2002 பொதுத் தேர்தலில் தோற்றார். மார்ட்டி கோஹன், டேவிட் கரோல், ஹான்ஸ் நோயல், ஜான் ஸாலர் ஆகியோர் 2008-இல் எழுதிய நூல், வாக்காளர்கள் வாக்களிப்பதற்கு முன்பே கட்சியின் உள்வட்டம் வேட்பாளரைத் தீர்மானித்துவிடுகிறது என்று வாதிட்டது. அவர்கள் பேசியது குடியரசுத் தலைவர் தேர்தலைப் பற்றி. ஆயினும் அவ்வாதத்தை மினசோட்டா டி.எஃப்.எல். கட்சிமீது பொருத்திப் பார்ப்பவர், உள்வட்டம் தீர்மானித்தும் அத்தீர்மானம் எடுபடாமல் போன வரலாற்றையே காண்கிறார்.

1982-இன் பெர்பிச் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மினசோட்டாவின் வடகிழக்கிலுள்ள இரும்புச் சுரங்க வட்டாரத்தில், குரோஷியக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்து பல் மருத்துவரான அவர், 1976 இறுதியில் துணை ஆளுநராக இருந்து ஆளுநரானார். 1978-இல் தோற்றபின் கன்ட்ரோல் டேட்டா நிறுவனத்தின் சார்பில் வியன்னாவில் பணியாற்றச் சென்றார். அரசு வரவு செலவு நெருக்கடியில் சிக்கிய குவி 1982 ஜனவரியில் தாம் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தபோது, தோற்று வெளிநாடு போன ஒருவரைக் காட்டிலும் அரசு வழக்குகளை நடத்திக்கொண்டிருந்த ஸ்பான்னஸே இயல்பான வாரிசாகத் தெரிந்தார். ஆனால் சுரங்க வட்டாரத்தின் வாக்காளர்கள் கட்சியின் முதனிலைத் தேர்தலில் தங்கள் எண்ணிக்கைக்கு மீறிய எடையுடன் வாக்களிப்பவர்கள். இரட்டை நகரங்களான மினியாபொலிஸ், செயின்ட் பால் ஆகியவற்றின் அரசியல் வட்டங்களில் இருந்து பார்ப்பவர்களின் கண்ணில் அவர்கள் எளிதில் படுவதில்லை. 2010-இலும் இதே வட்டாரமே முடிவை மாற்றியது. முதனிலைத் தேர்தல் இரவில் முன்னணியில் இருந்த கெல்லிஹரை, டுலூத்தும் சுரங்க வட்டாரமும் அடங்கிய வடபகுதியின் வாக்குகள் வந்து சேர்ந்தபின் டேட்டன் முந்தினார். நான்கு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் வித்தியாசம் ஏழாயிரத்துக்கும் குறைவு. பெரிய பல்பொருள் அங்காடிக் குடும்பத்தின் வாரிசான டேட்டன் கட்சி அங்கீகாரத்தைக் கேட்கவே இல்லை. சொந்தப் பணத்தைச் செலவிட முடிந்தவருக்கு மாநாடு கடந்துபோக வேண்டிய ஒரு தேதி மட்டுமே. 1982-இல் செனட்டுக்குத் தோற்று, 1990-இல் தணிக்கையாளராக வென்று, 1998-இல் ஆளுநருக்கான முதனிலைத் தேர்தலில் தோற்று, 2000-இல் செனட்டராகி, ஒரே பதவிக்காலத்தோடு விலகியவர் அவர். எந்தப் படிவரிசையிலும் இந்த வாழ்க்கைக்கு இடம் ஒதுக்க இயலாது.

1998-ஆம் ஆண்டுப் போட்டி தனியே நின்று பேசத் தக்கது. அது ஊகத்தின் தோல்வி என்பதற்காக மட்டுமன்று, ஊகமே தேர்தலை வடிவமைத்த நிகழ்வு என்பதற்காகவும். கார்ல்சன் செல்வாக்கோடும் அரசுக் கருவூலத்தில் உபரியோடும் விடைபெற்றுக்கொண்டிருந்தார். டி.எஃப்.எல். தரப்பில் ஹம்ப்ரே, முன்னாள் ஆளுநர் ஆர்வில் ஃப்ரீமனின் மகன் மைக் ஃப்ரீமன், முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் வால்டர் மாண்டேலின் மகன் டெட் மாண்டேல், டேட்டன் என்று பெருங்குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வரிசைகட்டினார்கள். குடியரசுக் கட்சியில், டி.எஃப்.எல். கட்சியிலிருந்து மாறி வந்த செயின்ட் பால் மேயர் நார்ம் கோல்மன் வேட்பாளரானார். மூன்றாவதாக, சீர்திருத்தக் கட்சியின் சார்பில், தொழில்முறை மல்யுத்த வீரராகப் புகழ்பெற்றுப் புரூக்ளின் பார்க் நகர மேயராகவும் இருந்த ஜெஸ்ஸி வென்ச்சுரா நின்றார். அக்கட்சி முந்தைய செனட் தேர்தல்களில் ஐந்து விழுக்காட்டைத் தாண்டியிருந்ததால் சட்டப்படி ‘பெரிய கட்சி’ என்ற தகுதியும், தேர்தல் செலவுக்கான அரசு நிதியும் அவருக்குக் கிடைத்தன. அந்த நிதியை நம்பி வாங்கிய வங்கிக் கடனே அவருடைய தொலைக்காட்சி விளம்பரங்களுக்குப் பயன்பட்டது. வென்ச்சுரா கோல்மனின் வாக்குகளையே பிரிப்பார் என்ற கணக்கில் ஹம்ப்ரே தரப்பு அவரை விவாதங்களில் சேர்க்க வலியுறுத்தியது என்று அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. அக்டோபர் இறுதிவரை கருத்துக்கணிப்புகள் அவரை மூன்றாமிடத்திலேயே வைத்திருந்தன. வாக்களிப்பு நாளன்றே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளும் வசதி 1970-களிலிருந்தே மினசோட்டாவில் இருக்கிறது. அன்று அவ்வாறு பதிந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். முந்தைய தேர்தல்களில் வாக்களித்தவர்களை வைத்துக் கணக்கிடும் கணிப்பு இவர்களை எப்படிப் பார்த்திருக்க முடியும்? வென்ச்சுரா 37, கோல்மன் 34, ஹம்ப்ரே 28 விழுக்காடு என்று முடிவு வந்தது.

மூன்றாவது வேட்பாளர் ஒருமுறை வென்றதால், அடுத்த முறையும் அவ்வாறே ஆகும் என்ற ஊகம் பிறந்தது. வென்ச்சுரா மனுத் தாக்கலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் 2002 ஜூனில் விலகல் அறிவித்தார். அவர் கட்சி அதற்குள் சுதந்திரக் கட்சியாகப் பெயர் மாறியிருந்தது. அதன் வேட்பாளராக, டி.எஃப்.எல். கட்சியின் முன்னாள் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் டிம் பென்னி நின்றார். அக்டோபர்க் கணிப்புகளில் ஏனைய இருவரோடும் சமநிலையில் இருந்த அவர், இறுதியில் ஏறத்தாழ 16 விழுக்காட்டோடு நின்றுபோனார். வென்றவர் குடியரசுக் கட்சியின் பாலென்டி, 44 விழுக்காட்டில். அவர் ஆளுநர் போட்டிக்கு வந்த விதமே ஊகக்காரர்களுக்கு ஒரு பாடம்: 2001-இல் செனட் தேர்தலுக்கு அறிவிப்பு வெளியிட ஆயத்தமாக இருந்த அவரை, துணைக் குடியரசுத் தலைவர் டிக் செனி தொலைபேசியில் அழைத்துக் கோல்மனுக்கு வழிவிடச் சொன்னார். அந்த ஓர் அழைப்பு வராமலிருந்தால் 2002-இன் பட்டியலில் பாலென்டி இருந்திருக்கவே மாட்டார்.

பிறகு அதே பாலென்டி ஊகத்தின் எதிர்ப்பக்கத்துக்குச் சான்றானார். இருமுறை வென்ற முன்னாள் ஆளுநர், நிதிச் சேவை நிறுவனங்களின் சங்கத் தலைமையை விட்டு 2018-இல் திரும்பி வந்தபோது, பெயரறிமுகத்திலும் நிதியிலும் அவருக்கு இணை எவருமில்லை. ஆயினும் 2014-இல் டேட்டனிடம் தோற்றிருந்த ஹென்னபின் கவுன்டி ஆணையர் ஜெஃப் ஜான்சன், மாநாட்டு அங்கீகாரத்தோடு நின்று ஏறத்தாழ ஒன்பது விழுக்காட்டு இடைவெளியில் அவரை வென்றார். 2016-இல் டிரம்ப்பைக் கடுமையாகச் சாடியவரைக் கட்சியின் புதிய வாக்காளர்கள் மன்னிக்கத் தயாராக இல்லை. குடியரசுக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் மாநாட்டுத் தேர்வு நிலைத்ததும், டி.எஃப்.எல். கட்சியில் அதே நாளில் சரிந்ததும், ஒரே விதிமுறை இரு கட்சிகளிலும் ஒரே விளைவைத் தருவதில்லை என்பதைக் காட்டுகின்றன.

தேசிய அலை என்பது ஊகங்களின் இன்னொரு துணைக்கோல். குடியரசுத் தலைவரின் கட்சி இடைக்காலத் தேர்தலில் இழப்பைச் சந்திக்கும் என்பது பொதுவாக உண்மையே. கேரி ஜேக்கப்சனும் சாமுவேல் கெர்னலும் 1981-இல் காட்டியதுபோல, வலுவான வேட்பாளர்கள் காற்று தங்கள் பக்கம் வீசும் ஆண்டுக்காகக் காத்திருப்பதால் அலை இன்னும் பெரிதாகிறது. ஆனால் 2010-இல் அதே அலை மினசோட்டாச் சட்டமன்றத்தின் இரு அவைகளையும் குடியரசுக் கட்சிக்குக் கொடுத்துவிட்டு, ஆளுநர் பதவியை மட்டும் விட்டுவைத்தது. டேட்டன், டாம் எம்மரை 8,770 வாக்குகளில் வென்றது மறுஎண்ணிக்கைக்குப் பிறகே உறுதியானது. சுதந்திரக் கட்சியின் டாம் ஹார்னர் ஏறத்தாழ 12 விழுக்காடு பெற்றிருந்தார். அவ்வளவு குறைந்த இடைவெளியில் எந்தப் பொதுவிதியும் முன்னறிவிப்பாக உதவாது.

அப்படியானால் ஊகம் வெறும் பொழுதுபோக்கா? அவ்வாறு ஒதுக்கிவிடவும் முடியாது. ஆர்தர் ஹாட்லி 1976-இல் ‘கண்ணுக்குப் புலப்படாத முதனிலைத் தேர்தல்’ என்று பெயரிட்ட கட்டத்தில், பெயர்களை உலவவிடுவதும் கைவிடுவதுமே நன்கொடையாளர்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் போட்டியாளர்களுக்கும் சமிக்ஞையாகின்றன. 2010 போட்டிக்கு, முன்னதாக அல் ஃபிராங்கனிடம் 312 வாக்குகளில் செனட் இடத்தை இழந்திருந்த கோல்மனின் பெயர் மாதக்கணக்கில் பேசப்பட்டது. அவர் ஜனவரியில் விலகிய பின்னரே குடியரசுக் கட்சிக் களம் தெளிவடைந்தது. வெற்றியாளரைச் சொல்வதில் தவறும் ஊகம், யார் நிற்கமாட்டார் என்பதை உருவாக்குவதில் பெரும்பங்கு வகிக்கிறது. ஆகவே பட்டியலைப் படிப்பவர் கவனிக்க வேண்டியவை மூன்று கேள்விகள்: மாநாட்டைப் புறக்கணித்து முதனிலைத் தேர்தல்வரை செல்லும் பணபலம் யாரிடம் இருக்கிறது, தலைநகர வட்டத்துக்கு வெளியே எந்த வட்டாரம் எவருடையது, மூன்றாம் வேட்பாளர் எந்தப் பக்கத்திலிருந்து வாக்கு எடுக்கிறார்.

இவற்றோடு சேர்த்து, ஊகங்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாத பக்கவிளைவுகளும் உண்டு. 2018-இல் தலைமை வழக்கறிஞர் லோரி ஸ்வான்சன் தம் பதவிக்கான மாநாட்டு அங்கீகாரத்தைப் பெற முடியாமல், மனுத் தாக்கல் முடியும் தறுவாயில் ஆளுநர் போட்டிக்குத் தாவினார். அவர் விட்ட இடத்துக்குப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் கீத் எலிசன் கடைசி நாளில் மனுக் கொடுத்தார்; எலிசன் விட்ட ஐந்தாம் தொகுதியில் இல்ஹான் ஓமர் மனுக் கொடுத்து வென்று, நாடறிந்த பெயரானார். ஆளுநர் போட்டிக்காக வால்ஸ் விட்ட பிரதிநிதிகள் சபையின் முதலாம் தொகுதி, ஜிம் ஹேகடோர்ன் வழியே குடியரசுக் கட்சிக்குப் போனது. ஸ்வான்சன் ஆளுநர் போட்டியில் மூன்றாவதாக வந்தார். ஆனால் அவர் தாவியதன் விளைவு, வென்றவரின் வெற்றியளவுக்கே நீண்டகாலம் நீடித்தது.

மினசோட்டாவில் எந்த ஆளுநரும் நான்காண்டுப் பதவிக்காலங்கள் மூன்றைத் தொடர்ந்து வென்றதில்லை. 2025 செப்டம்பரில் அம்முயற்சியை அறிவித்த ஆளுநர் வால்ஸ், அரசு நலத்திட்ட நிதி மோசடிகள் பற்றிய புயலுக்கிடையே 2026 ஜனவரியில் அதைக் கைவிட்டார். பேரவைத் தலைவர் லிசா டெமுத் உள்ளிட்ட குடியரசுக் கட்சியினர் அதற்குள் வால்ஸை எதிர்ப்பதற்கென்றே களம் அமைத்திருந்தார்கள். துணை ஆளுநர் பெக்கி ஃப்ளானகனோ, டினா ஸ்மித் விட்டுச்செல்லும் செனட் இடத்துக்கு ஏற்கெனவே போட்டியிட்டுக்கொண்டிருந்தார். துணை ஆளுநர்களின் பழைய வரிசை ஆறாவது முறையும் மாறவில்லை. அதே மாத இறுதியில் செனட்டர் ஏமி குளோபுச்சர் அறிவிப்பு வெளியிட, ஊகம் உடனே அடுத்த இடத்துக்கு நகர்ந்தது: அவர் வென்றால், 2031 ஜனவரிவரை நீளும் அவருடைய செனட் இடத்துக்கு ஒருவரை நியமிக்கும் அதிகாரம், அவர் விலகும் நாளைப் பொறுத்து வால்ஸிடமோ அவரிடமேயோ இருக்கும். இந்த மாநிலத்தில் அத்தகைய நியமனத்துக்குக் கசப்பான முன்னுதாரணம் இருக்கிறது. 1976-இல் ஆளுநர் வெண்டல் ஆண்டர்சன் பதவி விலகி, தம் இடத்துக்கு வந்த பெர்பிச்சைக் கொண்டு மாண்டேலின் செனட் இடத்துக்குத் தம்மையே நியமிக்கச் செய்தார். நியமித்தவரும் நியமிக்கப்பட்டவரும் 1978 நவம்பரில் ஒரே நாளில் தோற்றார்கள்.